தலைக்குப் பின்னால் வெளிச்சம்

2007 ஆவணி, வெள்ளி இரவு

துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத இவரின் படத்தை, காணவில்லை என்ற முறைப்பாட்டோடு கொடுக்கத்தான் ஸ்டூடியோவில் பெரிதாக்கக் கேட்டிருந்தேன். இன்று போனால், கம்ப்யூட்டரில் தலைக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வைத்திருக்கிறார்கள், அஞ்சலிப் படங்களுக்கு வைப்பதுபோல.

“அண்ணை, இவர் செத்துப்போனாரெண்டு ஆர் சொன்னது?”

“குறை நினையாதேங்கோ தங்கச்சி. இப்ப வாற படமெல்லாம் அதுக்குத்தான். கை பழகிப்போச்சு.”

வெளிச்சத்தை எடுத்துவிட்டு வேறொன்று அடித்துத் தந்தார். வெளிச்சம் வைத்த பழையதையும் உறைக்குள் வைத்திருக்கிறார். வீட்டில் மாமி அதைத்தான் முதலில் எடுத்தார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் பார்த்தார். குழந்தைக்கும் காட்டினார்.

“என்ரை மகன் நல்ல வடிவாயிருக்கிறான். இதையே வீட்டில வைப்பம் பிள்ளை.”

மாமிக்கு இவரைப் பற்றி யாரும் ஏதும் சொன்னார்களோ? என்னால் கேட்க ஏலாது. கேட்டால் சொல்லிவிடுவார்.