பல் டாக்டர் விற்ற கார்

மார்ச் 4, செவ்வாய்

காலை வகுப்பில் ஐந்து பேர். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் நான்கு பேர் கண்ணாடியைப் பார்க்கிறார்கள். ஐந்தாவது ஆள், ஒரு வங்கி அதிகாரி, என்னைப் பார்க்கிறார். ரோடு என்ன என் முகத்திலா இருக்கிறது? மூன்று முறை வண்டியை அணையவிட்டு, "வண்டியில ஏதோ கோளாறு மிஸ்" என்றார். எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன். "வண்டி மேல பழி போடாதீங்க. ஓட்டுறவங்க சரியா இருந்தா வண்டி சரியா இருக்கும்."

மாலையில் வீட்டில் இவரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். கார் வாங்கப் போகிறேன். பழைய கார்தான், ஆனால் டர்போ வைத்தது. சீறிக்கொண்டு போகிற ரகம்.

இவர் கடையிலிருந்து கொண்டுவந்த மூக்குக் கண்ணாடி ஃப்ரேமைத் துடைத்துக்கொண்டே, "உனக்குத்தான் ஏற்கெனவே கார் இருக்கே" என்றார்.

அது காரா? பள்ளிக்கூடம். தலையில் ஒரு பலகை. என் பக்கம் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். ஆக்சிலரேட்டர் கிடையாது. இருபது வருஷமாக அடுத்தவர்கள் ஓட்டுகிற காரை நிறுத்துவதுதான் என் பிழைப்பு.

"டர்போன்னா என்ன?"

"இன்ஜினுக்குக் காத்தை அழுத்தி ஊட்டுற ஒரு சின்ன விசிறி. ஆக்சிலரேட்டரை மிதிச்சா சீட்டு நம்மளப் பின்னால பிடிச்சு இழுக்குமாம்."

"அது எதுக்கு இப்ப?"

பத்தொன்பது வயதில் ஆசைப்பட்டது என்றேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

மார்ச் 5, புதன்

முழு உண்மையை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

எங்கள் பெண் பாப்பா வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து, இல்லை, அதற்கும் முன்பிருந்தே, எனக்கு எதுவும் ஒட்டவில்லை. சாப்பிடுகிறேன், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறேன். புதுப் புடவை எடுத்தால் அது துணியாக இருக்கிறது. டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார், எல்லாம் நார்மல் என்றார். நார்மல் என்பது இதுதானா? ஐம்பத்தொரு வயதுக்கு இவ்வளவுதான் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

ஏதாவது ஒன்றையாவது வேண்டும் என்று நினைக்க முடிகிறதா என்று எனக்குள்ளேயே துழாவிப் பார்த்தேன். இது ஒன்றுதான் கைக்கு அகப்பட்டது. பத்தொன்பது வயதில் ஒரு நாள் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். சிக்னலிலிருந்து ஒரு சிவப்புக் கார் மெல்லிய விசில் சத்தத்தோடு கிளம்பிப் போனது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வயிற்றுக்குள் என்னவோ ஆனது. அது இன்னும் ஆகுமா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகாவிட்டால்? அதை எழுத வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

விளம்பரம் பார்த்து ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். கிளினிக்கை மூடிவிட்டு ஓய்வில் இருக்கிறார். ஷெட் அறுவை சிகிச்சை அறை மாதிரி இருக்கிறது, தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கருநீலக் கார், பதினாறு வயது. வயதுக்கு மீறிய பளபளப்பு.

மெக்கானிக் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நானே ஊருக்கு வண்டி சொல்லித் தருகிறவள், எனக்கு ஒரு மெக்கானிக் துணையா? டயர், பிரேக், விளக்கு, ஸ்டியரிங், காகிதங்கள் எல்லாம் பார்த்தேன். புகை இல்லை. இன்ஜின் பூனை மாதிரி இருந்தது.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். கண்ணாடிகளைச் சரிசெய்து, பெல்ட் போட்டு, சிக்னல் கொடுத்து, எந்தத் தெருவில் எவ்வளவு வேகமோ அதற்குள்ளேயே போய்த் திரும்பினேன். அவர் முழங்காலில் கை வைத்துப் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப அழகா ஓட்டுறீங்கம்மா."

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். டாஷ்போர்டை விரலால் தடவினார்.

"வயசாயிடுச்சு. முன்ன மாதிரி அனுபவிக்க முடியல."

நல்ல மனிதர். வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. இவர் சுற்றிச் சுற்றி வந்தார், சக்கரத்தைத் தட்டினார், பின் சீட்டில் உட்கார்ந்து கால் இடிக்கிறதா என்று பார்த்தார். "அடக்கமாத்தான் இருக்கு" என்றார். பிறகு ஒரு நிபந்தனை. "ரெண்டு மாசம் பாரு. சும்மா நிக்கிற சாமான் ஆயிடுச்சுன்னா வித்துடலாம், சரியா?" சரி என்றேன். நியாயம்தானே.

மார்ச் 18, செவ்வாய்

ஓட்டினேன். நன்றாக இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

நெடுஞ்சாலையில் ஏறும் சரிவுக்குப் போனேன். மாணவர்களிடம் நான் "தயங்காம மிதிங்க" என்று சொல்கிற ஒரே இடம் அது. மெதுவாக ஏறினால்தான் அங்கே ஆபத்து.

மிதித்தேன். சத்தம் கூடியது, முள் ஏறியது, கார் நெடுஞ்சாலையில் சேர்ந்தது. அவ்வளவுதான். சரியாக மிதிக்கவில்லையோ என்று திரும்பி வந்து இன்னொரு முறை, தரையோடு தரையாக. என் பள்ளிக்கூடக் காரை விடக் கொஞ்சம் பரவாயில்லை. வயிற்றுக்குள் ஒன்றும் இல்லை.

பழகவில்லை, அதனால்தான். அடுத்த வாரம் பார்ப்போம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அடுத்த வாரமும் அப்படியேதான்.

பாப்பா போன் செய்தாள். "எப்படிம்மா இருக்கு? சீட்டோட ஒட்டிக்கிட்டியா?" ஆமாம் என்றேன். பயங்கரமாக இருக்கிறது என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். என் அம்மாவைப் பார் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாளாம்.

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். என்னதான் ஆச்சு உனக்கு? எதைக் கொடுத்தாலும் வேணாங்குற மூஞ்சி. இவ்ளோ நாள் சேர்த்து வெச்ச ஒரே ஆசை, அதுவும் கைக்கு வந்துடுச்சு, இன்னும் என்னதான் வேணும் உனக்கு? மரக்கட்டை.

ஏப்ரல் 12, சனி

விற்றுவிடலாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கடையில் கண் பரிசோதிக்கிற குரலில் கேட்டார். "கார் வர்றதுக்கு முன்ன, வந்ததுக்கு அப்புறம். எது பரவாயில்ல?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"என் கடையில ரெண்டும் ஒண்ணுன்னா பவர் சரியாயிடுச்சுன்னு அர்த்தம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான். விளம்பரத்தை அவரே எழுதிப் போட்டார்.

ஏப்ரல் 19, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

கார் பார்க்க ஒரு பேக்கரிக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும், காதோரத்தில் மைதா. இந்த ரகத்தில் ஏற்கெனவே இரண்டு கார்கள் வைத்திருந்தவராம். வந்ததும் பானெட்டில் கை வைத்து, இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று பார்த்தார். முன்பே சூடாக்கி வைத்தால் கோளாறு மறைந்துவிடுமாம். அப்படி ஒன்று பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஷெட்டிலிருந்து அவர் ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கைக் காலால் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரிவில் மிதித்தார். காலை எடுத்தார். மறுபடி மிதித்தார். ஜன்னலை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தார். ஓரமாக நிறுத்தினார்.

"மேடம், இதுல டர்போ வேலை செய்யல."

"என்னது?"

"காத்தே ஏறல. டர்போ இல்லாத வண்டி மாதிரிதான் ஓடுது. நீங்க கவனிக்கலையா?"

என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். அவர் சங்கடப்பட்டுக் காதைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒரு கேள்விதான் வந்தது, அதையும் திக்கித் திக்கித்தான் கேட்டேன்.

"அப்ப... மிதிச்சும் ஒண்ணுமே தெரியலைன்னா, அது கார்தானா?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை.

"வேற என்னங்க?"

வேற என்னங்க! அந்த மனிதருக்குத் தெரியாது, என்ன சொன்னோம் என்று. விற்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி செய்தால் சொல்லுங்கள், ஒரு முறை ஓட்டிப் பார்க்க ஆசை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "பல் டாக்டர் இல்ல? பல்லைப் பிடுங்கிட்டுத்தான் பாம்பை வித்திருக்காரு." நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு பயங்கரக் கோபம் வந்தது. நாளை மறுநாள் வகுப்பில்லை. போய் அந்த ஆளை ஒரு கை பார்க்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். படித்தவர், பெரியவர், இப்படியா ஒரு பழுதான காரைத் தலையில் கட்டுவீர்கள் என்று.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டர்போ வேலை செய்யலையா? எப்பலேருந்து?"

"உங்களுக்குத்தான் தெரியணும்."

"தெரியலையேம்மா. ரெண்டு வருஷமா மிதிச்சா ஒண்ணுமே இல்ல. நான் எனக்குத்தான் எல்லாம் போயிடுச்சுன்னு நினைச்சேன். வயசு, இனிமே இவ்வளவுதான்னு. அதனாலதான் வித்ததே."

கையில் வைத்திருந்த சண்டையை என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் படியில் உட்கார்ந்தேன். அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

அவர் வாழ்நாளெல்லாம் வலி எங்கே என்று வாய்க்குள் தேடியவர். நான் வண்டி மேல் பழி போடாதே என்று ஊருக்கே பாடம் எடுத்தவள். இரண்டு பேரும் குற்றவாளியை எங்கே தேடினோம் பார். கார் ஷெட்டில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்திருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

மெக்கானிக்கிடம் விட்டேன். கழுத்தில் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அடியில் படுத்தார். டர்போ விசிறியைச் சுற்ற வைக்கிற புகையை வேறு பக்கம் திருப்பிவிட ஒரு சின்னக் கதவு உண்டாம். அதைச் சாத்திப் பிடிக்கிற கம்பியின் கிளிப் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. கதவு திறந்தே கிடந்தால் விசிறி எப்படிச் சுற்றும்? கிளிப் சுண்டு விரல் நகம் அளவுகூட இல்லை. பத்திரிகையைப் புரட்டி முடிப்பதற்குள் மாட்டிவிட்டார்.

"இப்ப மிதிச்சுப் பாருங்க" என்றார்.

மிதிக்கவில்லை. முட்டை ஏற்றிக்கொண்டு வருகிற மாதிரி வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

மழை. ஓட்டவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மழை இல்லை. ஓட்டவில்லை.

இவர் காரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? வேகத்துக்குப் பயமில்லை. இந்த ஒரு வாரமாகக் கார் மேல் பழி போட முடிந்தது. இனிமேல் மிதித்து ஒன்றும் ஆகாவிட்டால், சாக்குச் சொல்ல யாரும் இல்லை.

மே 3, சனி

போனேன். காலை, நல்ல வெளிச்சம், சாலை காய்ந்திருந்தது. இன்ஜின் சூடாகட்டும் என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன். சூடான பிறகும் இன்னொரு சுற்று. அப்புறம் சரிவு.

மிதித்தேன். ஒரு கணம் ஒன்றும் இல்லை. சரி, நான்தான், என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படி நினைத்தேன். அப்போது முன்னாலிருந்து அந்த விசில். முதுகை யாரோ சீட்டுக்குள் அமுக்கினார்கள். "ஐயோ அம்மா" என்று கத்தினேன். என் மாணவர்கள் கத்தினால் வண்டியை விட்டு நான் இறக்கிவிடுகிற வார்த்தை. வேக வரம்பு வந்ததும் காலை எடுத்துவிட்டேன். நான் ஒரு டீச்சர், என்ன இருந்தாலும்.

நிறுத்துமிடத்தில் நிறுத்தினேன். அழுதேன், நன்றாகவே. பிறகு பசித்தது. எதிர்க் கடையில் இரண்டு பன், ஒரு ஆம்லெட், மறுபடி ஒரு பன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஒரு கார் அதையெல்லாம் செய்யாது. ஆனால் எனக்குப் பசித்தது.

மே 11, ஞாயிறு

பல் டாக்டர் வந்தார், கார் சரியாகிவிட்டதைப் போனில் சொல்லியிருந்தேன். சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு உடம்பு, மழை, பென்ஷன் எல்லாம் பேசினார். கடைசியில், கேட்கக் கூடாதுதான், ஆனால் நீங்கள் கொடுத்ததற்கு மேலேயே தருகிறேன், அந்தக் காரைத் திருப்பி எனக்கே—

"தரமாட்டேன்."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை, நான் முடித்துவிட்டேன். ஒரு வயதானவரிடம், வீட்டுக்கு வந்தவரிடம், யோசிக்கவே இல்லை. டீ கொண்டுவந்த இவர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

கொஞ்சம் அசடு வழிந்தது. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொள்ளுங்கள், பெட்ரோல் உங்களுடையது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அவர் போன பிறகு இவர் சொன்னார். "நீ ஒண்ணை இப்படிப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்து எத்தனை நாளாச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

பல் டாக்டர் ஓட்டினார். நான் பக்கத்தில். சரிவில் மிதித்ததும் வாய் விட்டுச் சிரித்தார். மறுபடி திரும்பி வந்து மறுபடி மிதித்தார். தலைமுடி கலைந்து, கண்ணில் தண்ணீர் வர, அப்படி ஒரு சந்தோஷம். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமை தாங்கவில்லை. வயிறு எரிந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா" என்றார்.

"முடியாது, இறங்குங்க" என்றேன்.