கரையில் தூக்கும் சால்வை

தொண்டைமானாறு
தை 9, 1968

அன்பும் மதிப்பும் நிறைந்த ஐயாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். "நான் தூக்கின சால்வையை நம்பித்தானே தம்பி வந்தவன்" என்று சொல்லிக்கொண்டு நீங்கள் கடற்கரைக்கே போவதில்லை என்று அம்மா எழுதுவித்திருந்தா.

இங்கும் நம்மூர் வழக்கம்தான். தனியாகத் தெப்பத்தில் மீன்பிடித்து வருபவர், திரை உடையும் இடத்துக்கு வெளியே காத்திருப்பார். பெரிய திரைகள் ஓய்ந்ததும் கரையில் நிற்பவர், இனி வரலாம் என்று சால்வையைத் தூக்குவார். நேற்று, நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார மார்க்கண்டர் சால்வையைத் தூக்க, அவருடைய மகன் துடுப்பு வலித்து வந்தார். எதிர்பாராமல் ஒரு திரை எழும்பித் தெப்பத்தைப் புரட்டிவிட்டது. நான் குடையை எறிந்துவிட்டு ஓடினேன். அவரோ இடுப்பளவு தண்ணீரில் எழும்பி நின்று சிரித்தார்.

"ஐயா, உங்கடை சால்வையிலை பிழையில்லை. உந்தத் திரை உங்களைக் கேட்டோ வந்தது?"

"மீனெல்லாம் போச்சு, உனக்குப் பகிடி" என்று மார்க்கண்டர் ஏசினார். கரையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

நம் தம்பிக்கு எழும்பி நிற்கக் கிடைக்கவில்லை, ஐயா. நின்றிருந்தால் அவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

இங்கே வாடைக்காற்று குளிர்கிறது. அவனுடைய போர்வையை பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். அம்மா அதைத் தோய்க்க வேண்டாம்.

பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சால்வையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போங்கள், ஐயா. மற்றவர்களுடைய பிள்ளைகள் திரைக்கு வெளியே உங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

உங்கள் மகள்
அருந்ததி