முனை வைத்த நட்சத்திரம்

என் அம்மாவுக்கு,

உன் கல்லறையில் கல் வைத்துவிட்டோம். சித்தி சொல்லிச் செய்த கல். உன் பெயருக்குக் கீழே ஐந்து முனையோடு ஒரு நட்சத்திரம், கிறிஸ்துமஸுக்கு நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசல்களில் தொங்குமே, அது மாதிரி. அதற்கும் கீழே ஒரு வரி: நட்சத்திரம் கண்டுபிடித்தவளின் தாய்.

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, அம்மா.

நாங்கள் ஆராய்வது, இருக்கின்றனவா என்றே தெரியாத துகள்களை. அவை தம் ஈர்ப்பால் திரண்டு இறுகினால் ஒளியில்லாத உருண்டைகளாகலாம் என்பது கணக்கு. அப்படி ஒன்று ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்தால், பின்னாலிருக்கும் ஒளி வளைந்து குவியும். கொஞ்ச காலம் அந்த நட்சத்திரம் கூடுதலாக மின்னும். அதற்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஒன்றும் மின்னவில்லை. எங்கள் ஆய்வுக் கட்டுரை சொன்னதும் அவ்வளவுதான்.

நான் நட்சத்திரம் கண்டுபிடித்ததாக நீ நம்பித்தான் ஊரெல்லாம் சொன்னாயா? இல்லை, கொழுந்து கிள்ளும்போது பேச ஒரு சேதி வேண்டியிருந்ததா?

ஞாயிற்றுக்கிழமை உன் முதலாண்டு ஜெபம். சாமியார் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உன் பழைய கங்காணி கேட்டார்: "நம்ம ஏலப்பாறைக்கு மேல உள்ளதையா கண்டுபிடிச்ச? மழைக்காலத்துல எங்களுக்கு நிலாவே தெரியாதே."

நான் சிரித்தேன். மறுக்கவில்லை. சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் மட்டும் சொன்னேன். நான் தேடுவதற்கு வெளிச்சமே கிடையாது, அப்படி ஒன்று இருக்கிறதா என்றும் தெரியாது என்று. சித்தி பாலில்லாத கட்டஞ்சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஒங்கம்மா போன்ல நீ அனுப்பி வச்சிருந்த அந்த உருண்டைப் படத்தத்தான் கல்லு வெட்டுறவன்ட்ட காட்டினேன். வெறும் கருப்பு வட்டம். இதென்ன பொத்தானான்னு கேட்டான். நாந்தாம்ட்டி முனை வைக்கச் சொன்னேன்."

பிறகு, தம்ளரைப் பார்த்தபடி: "அவளுக்குத் தெரியுமா, நீ கண்டுபிடிக்கலன்னு?"

எனக்கும் இந்த ஊருக்கும் நடுவில் நீ இருந்தாய். உன் வழியாகப் பார்த்தவர்களுக்கு நான் மின்னினேன். அது என் வெளிச்சம் இல்லை. தெரிந்துகொண்டே அதில் நின்றேன்.

கல் அப்படியே இருக்கட்டும். அந்த வரியை உளியால் கொத்தி எடுத்தால் உன்னைப் பொய்க்காரி ஆக்கியதாகும். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவர்த்தியோடு வருவார்கள். கங்காணியும் வருவார். அவர்கள் முன்னால் நின்று, இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்வேன். தப்பு அம்மாவின் பேச்சில் இல்லை, என் சிரிப்பில் என்றும் சொல்வேன். அன்று சிரிக்க மாட்டேன், அம்மா.

இன்னும் எதையும் காணாத
உன் மூத்த மகள்,
ஜெசிந்தா