நான்கு கற்களுக்குள் பூத்தது

மே 28
மனைவி ரன்வேய்க்கை அடக்கம் செய்து எட்டு நாள். நான்கு டிகிரி, வடகாற்று. துக்கம் என்று குறிக்க எதுவும் இல்லை. இந்தக் கோடையில் எழுத வேண்டியவை:
1. வீட்டுக்குப் பின் மேட்டில், நான் நட்ட நான்கு கற்களுக்குள், ஹோல்டாசோலே என்ற மலைச்செடி பூக்கும் நாள்.
2. பூக்களின் எண்ணிக்கை. நாற்பத்தோராம் வருடம்.
3. அந்தச் செடியை வேரோடு பெயர்த்தால் பிழைக்காது. ஆகவே கல்லறைக்குப் புல் மட்டும்.

ஜூன் 3
மகள் தாக்னி வந்தாள். "அப்பா, அம்மா கடைசியா கேட்டது இந்தப் பூவைத்தான். உங்க கல்லுக்குள்ள இருந்து ஒரு துண்டு குடுங்க."
"பெயர்த்தா செத்துடும்மா."
"எப்பவாவது பெயர்த்துப் பாத்திருக்கீங்களா?"
சாப்பிடாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செத்த செடியை ரன்வேய்க்கின் மேல் எப்படி வைப்பது? இல்லை, என் கணக்கு குலையும் என்ற பயமா?

ஜூன் 9
திறந்தது. ஒன்று. எட்டு வெள்ளை இதழ்.

ஜூன் 20
முப்பத்தொன்று. தாக்னி போனை எடுக்கவில்லை.

ஜூன் 24
பக்கத்துப் பண்ணை பிராந்துர் ஆடுகளை மலைக்கு ஓட்டிப்போகும் வழியில் நின்றான்.
"என்ன வாத்தியாரே, இன்னும் என் பூவையே எண்ணிக்கிட்டிருக்கியா?"
என்னுடையது என்றேன்.
"உன்னுது எப்பவோ கருகிப்போச்சுய்யா. புல்லெல்லாம் ஐஸுக்கடியில அழுகுன வருஷம். நீ ரெய்க்யவிக் ஆஸ்பத்திரில படுத்திருந்தே. ரன்வேய்க் மண்வெட்டியோட வந்து நின்னுச்சு. என் மேட்டுலேர்ந்து மண்ணோட பாளமா வெட்டி, டிராக்டர்ல கொண்டாந்து பதிச்சோம். 'அந்த மனுஷனுக்கு மட்டும் தெரியக்கூடாது, எண்ணுறத விட்டுட்டா வேற என்ன செய்வாரு'ன்னுச்சு."
ஆடுகள் போய்விட்டன.
அந்த வருட நோட்டை எடுத்தேன். இருபத்திமூன்று வருடத்துக்கு முந்தையது. "பூ 9. குளிரின் விளைவு." என் கையெழுத்து. கேள்விக்குறிகூடப் போடவில்லை. எதற்கும் போடுகிறவன் நான்.
இருபத்திமூன்று வருடம் பக்கத்திலேயே படுத்திருந்தாள். ஒரு வார்த்தை — ஏன் சொல்லல? சொன்னா நான் என்ன பண்ணிருப்பேன்? எண்ணுறத விட்டுருப்பேன். ஆமா.

ஜூன் 25
பனிமூட்டம். எண்ணவில்லை.

ஜூன் 26
தாக்னியின் கணவரிடம் செய்தி சொன்னேன்: மண்வெட்டி தயார் என்று சொல்லுங்கள். பூ முடிந்து, விதையின் பஞ்சு முடி விரிந்த பிறகு வரட்டும்.

ஆகஸ்ட் 30
தாக்னி வந்தாள். ஒன்றரை அடி ஆழம், மண்ணோடு. நான் அளந்தேன், அவள் வெட்டினாள். கல்லறையில் பதித்தோம். பிறகு புகைபோட்ட ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும். இரண்டாவது தட்டும் சாப்பிட்டாள்.

மறுவருடம், ஜூன் 12
கற்களுக்குள்: பதினெட்டு.
ரன்வேய்க்கிடம்: மூன்று. இரண்டு முறை எண்ணினேன்.
போன வருடம் மே 28, மூன்றாவது குறிப்பு தவறு.