ஆபிதாவின் ரத்தம்

பினாங்கு, 1936

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் குத்புதீனின் ஸலாம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

கப்பலில் வந்த ஹனீஃபா மச்சான் எல்லாம் சொன்னார். கர்ப்பிணியான என் தங்கை ஆபிதாவுக்கு மலேரியா. "கொயினா தின்னா புள்ள கலைஞ்சிடும்" என்று மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினீர்களாம்! மயங்கி விழுந்தவளை அவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார். "காய்ச்சல் இவ ரத்தத்தையே தின்னுடுச்சுங்க. இன்னும் விட்டிருந்தா தாயும் புள்ளையும் போயிருப்பாங்க" என்றாராம் ஸ்ரீரங்கத்து லேடி டாக்டர்.

எனக்கு மட்டும் "ஆபிதா சௌக்கியம்" என்று எழுதினீர்களே!

பிரசவம் வரை கொயினாவும் இரும்பு டானிக்கும் நிற்கக் கூடாது. கப்பலுக்குத் தபால் பை கட்டப் போகிறார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். இனி உங்கள் சொல்லை நம்ப மாட்டேன். ஆபிதாவே இரண்டு வரி எழுதட்டும். கை நடுங்குகிறதா என்று எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

குத்புதீன்