ஆலிஸின் இடது கை

24 ஏப்ரல் 1973, செவ்வாய்

தையல் கூடத்தில் இன்று முப்பது தலையணை உறை. தோள்பட்டை கழன்று விழும்போல் இருக்கிறது. ஈஸ்டர் முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாம் பழைய குருடி. குழாயில் காற்றுதான் வருகிறது. ஹென்றி துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து வெந்துவிட்டு வந்தார். சாப்பிட்டார், படுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை.

ஞாயிறு தம்பிக்கு நிச்சயம். சனிக்கிழமை நான் போய்ப் பெண்ணுக்கு மருதாணி வைக்க வேண்டும். பெண் பார்த்ததும் நான், பேசி முடித்ததும் நான், மருதாணியும் நானேவா என்றால் அருள்நாதன் சிரிக்கிறான். "ராயபுரத்துல உன்ன வுட்டா யாருக்கா இவ்ளோ நைஸா வைப்பாங்க?"

அம்மா சாகும்போது அவனுக்கு ஒன்பது வயது. இப்போது துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கிற கிளார்க். எனக்குப் பிள்ளை இல்லை. அவன்தான்.

26 ஏப்ரல்

காய்ந்த மருதாணி இலையை இடித்து மல் துணியில் இரண்டு தரம் சலித்தேன். ஒரு நரம்பு இருந்தால்கூட ஈர்க்குச்சியில் கோடு இழுபடும். தும்மித் தும்மி மூக்கெல்லாம் பச்சை.

28 ஏப்ரல், சனி

காலடிப்பேட்டை போய் வந்தேன். என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுகிறேன்.

ஆலிஸுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை. அம்மா ஞானம் இட்லி சுட்டு விற்று வளர்த்த பெண். டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருக்கிறாள். வாய் ஓயாது. முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது.

பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். உள்ளங்கை நடுவில் வட்டம், சுற்றி எட்டு இதழ். அங்கிருந்து சுண்டுவிரல் பக்கமாக ஒரு திராட்சைக் கொடி. விரல் நுனிக்கெல்லாம் தொப்பி. இந்த வெயிலில் யார் கையைப் பிடித்தாலும் வியர்த்து ஊறும். நாலு கோட்டுக்கு ஒரு தரம் துணியால் ஒற்ற வேண்டும். ஆலிஸின் இடது கையில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் ஒற்றவே வேண்டியிருக்கவில்லை. காகிதம்போல் உலர்ந்திருந்தது. வசதியாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்து இரண்டு தரம் ஒற்றிக் காயவிட்டேன். பிறகு தண்ணீர் படாமல் உதிர்த்துவிட்டு, தோசைக்கல்லில் லவங்கம் போட்டுப் புகை காட்டினேன். சிவப்பு கறுத்து நிற்பதற்கு அதுதான் வழி. அவள் கதை சொல்லிக்கொண்டே கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். "மாஸ்டர் என்னியத் திட்டிகினே கீறாருக்கா. 'ஏ' எழுத்தே வுழ மாட்டேங்குது. சுண்டுவெரல்ல தெம்பே இல்ல—"

லவங்க வாசனையோடு வேறு ஏதோ வாசனை வந்தது. பார்த்தால் அவள் கையோரம் கல்லின் மேலேயே இருந்தது.

"கைய எடுடீ!"

அவள் என்னைப் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை. "இன்னாக்கா?"

நான்தான் இழுத்தேன். புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். ஞானம் ஓடிவந்து "அய்யோ, எரியுதாம்மா?" என்றதும்தான், "எரியுது, எரியுது" என்றாள்.

அம்மா கேட்ட பிறகு.

29 ஏப்ரல்

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. எல்லோரும் சிவப்பைப் புகழ்ந்தார்கள். ஆலிஸ் இடது கையைச் சேலை மடிப்புக்குள்ளேயே வைத்திருந்தாள்.

30 ஏப்ரல்

தோசைக்கல்லைச் சூடாக்கி என் சுண்டுவிரல் ஓரத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்று என்று எண்ணுவதற்குள் கை தானே பறந்துவிட்டது.

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களே, உணர்ச்சியில்லாத தேமலா, உடனே காட்டுங்கள் என்று. ஐந்து வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். இன்றுதான் நின்று முழுதும் படித்தேன்.

அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை.

6 மே, ஞாயிறு

பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். அருள்நாதன், ஆலிஸ், இன்னார் மகன், இன்னார் மகள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். எத்தனை வருஷமாகக் கேட்கிற வரி! இன்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அருள் பக்கத்தில் காது சிவக்க நின்றான். இன்னும் இரண்டு ஓலை. இருபத்துமூன்றாம் தேதி கல்யாணம்.

நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால்? அசதியில் கண் ஏதோ பார்த்தது என்று?

9 மே, புதன்

சிவப்பு நிற்க எண்ணெய் கொண்டுவந்தேன் என்று பொய் சொல்லி ஆலிஸ் வீட்டுக்குப் போனேன். நல்ல வேளை, ஞானம் சந்தைக்குப் போயிருந்தாள். எண்ணெய் தடவுகிற சாக்கில் ஆலிஸை முகத்தைத் திருப்பச் சொல்லி, சுண்டுவிரலை ஈர்க்குச்சியால் குத்தினேன்.

"தொடங்குக்கா, இன்னா சும்மா குந்திகினு கீற" என்றாள்.

அவள் திரும்பி, குச்சி விரலில் அழுந்தி நிற்பதைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"கிறிஸ்மஸ்லேர்ந்துக்கா. மொதல்ல முழங்கைகிட்ட தேமல் மாரி வந்துது. அப்பால வெரலு மரத்துப் போச்சு. அம்மாக்குத் தெரியாது. தெரிஞ்சா செத்துடும்."

"எங்க தம்பிக்கு?"

இல்லை என்று தலையாட்டினாள். நான் கத்தியிருக்க வேண்டும். கத்த வரவில்லை. அவள் கையை விடவும் முடியவில்லை. அப்படியே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

16 மே, புதன்

தையல் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளை ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் மூன்று மணி நேரம். தெரிந்தவர்கள் யாராவது வந்துவிடுவார்களோ என்று என் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

குஷ்டம்தான். எழுதிவிட்டேன்.

டாக்டரம்மா சிறு வயது. பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்தே பேசினார். ஒட்டுகிற வகை இல்லை. மாத்திரையை விடாமல் சில வருஷம் சாப்பிட்டால் தீரும். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், பிள்ளை பெறலாம். ஆனால் மரத்த இடத்தில் உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல முடியாது. கையைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும், தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், எண்ணெய் தடவ வேண்டும், சூட்டுப் பக்கம் போகக் கூடாது. மருதாணி வைத்தால் தண்ணீரைத் தொடாதே என்கிறோம், புகையில் காட்டு என்கிறோம். எல்லாம் தலைகீழ்.

வெளியே வந்ததும் ஆலிஸ் என் முழங்கையைப் பிடித்தாள். "மூணாவது ஓலை அன்னிக்கு நானே அவர்கிட்ட சொல்றேன். நீ வாயத் தொறக்காதக்கா. நான்தான் சொல்லணும்."

சரி என்றேன்.

19 மே, சனி

பாவி. பாவி நான்.

அருள் சாயங்காலம் வந்து சமையலறை வாசலில் நின்றான். "அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காத சொல்லு. அந்தப் பொண்ணுக்கு என்னப் புடிக்கலயா? மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்குது. புடிக்கலன்னா இப்பவே நிறுத்திக்கலாம். யார் கழுத்துலயும் கட்டாயமா தாலி கட்டமாட்டேன்." கண் கலங்கியிருந்தது. முழு வாரம் ஓடி ஓடி உடம்பு செத்துக் கிடந்தேன். இல்லடா, அப்படி இல்லடா என்று ஆரம்பித்தேன். அடுத்ததும் வந்துவிட்டது. எல்லாமே வந்துவிட்டது.

அவன் உட்காரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நாளை ஞாயிறு. அவள் நாளைக்குத்தான் சொல்வதாக இருந்தாள். ஒரு நாள். ஒரு நாள் வாயைக் கட்ட முடியலியே உன்னால!

20 மே, ஞாயிறு

மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. வேலையில் லீவு கிடைக்கவில்லை, தள்ளிவையுங்கள் என்று அருள் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டானாம்.

சாயங்காலம் காலடிப்பேட்டைக்குப் போயிருக்கிறான். திரும்பி வந்து அவனே சொன்னான். ஆலிஸ் புதுச் சேலை கட்டி, அவனை உட்காரவைத்து, "உங்களாண்ட ஒரு விசயம் சொல்லணும்" என்று தொடங்கியிருக்கிறாள். இவன், "அக்கா சொல்லிட்டாங்க" என்றிருக்கிறான்.

"அப்பால?"

"'அப்ப நான் சொல்றதுக்கு இன்னா கீது?'ன்னுட்டு உள்ள போயிடுச்சு."

நாலு நாளாக அந்தப் பெண் என்னென்ன வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாளோ. கெட்டது எல்லாம் கேட்காமலே வந்தது அவளுக்கு. தானாகச் செய்ய இருந்தது இந்த ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

23 மே

இன்று கல்யாணம் நடந்திருக்க வேண்டும். நாற்பது தலையணை உறை தைத்தேன்.

30 மே, புதன்

மாத்திரை கொடுக்கிற நாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஆலிஸ் என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போதும் தாண்டித்தான் போனாள்.

13 ஜூன், புதன்

மறுபடி போனேன். அதே பெஞ்சில் நாலு பேர் தள்ளி உட்கார்ந்தேன். பேசவில்லை. பேசச் சொல்லி நானும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

ஃப்ளோரன்ஸ் சித்தி வீட்டுக்கு வந்து, கல்யாணம் ஏன் நின்றது என்று மூன்று விதமாகக் கேட்டாள். லீவு என்றேன் மூன்று தரமும்.

2 ஜூலை

அருள் எதுவும் சொல்வதில்லை. இன்று துவைக்க எடுத்த அவன் சட்டைப் பையைக் காலி செய்யும்போது ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது. பயந்துபோய்க் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அந்த டாக்டரம்மாவப் பாத்து நானே கேட்டுக்கினு வந்தேன்" என்றான். இரண்டாவது தடவையாம்.

11 ஜூலை, புதன்

ஆலிஸ் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள். கையை என் மடியில் வைத்தாள். ஸ்டவ் கம்பி பட்டு, புதுக் கொப்புளம் உடைந்து சீழ் கட்டியிருந்தது.

"ரெண்டு நாளா பாக்கல. என் கையி எனக்கே பாக்கப் பிடிக்கலக்கா."

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லாத. உம்மேல கோவம் போவல. கைய மட்டும் நீ பாரு."

பார்த்தேன். நர்ஸம்மா மருந்து வைத்துக் கட்டிவிட்டார். இனி வாரம் இரண்டு நாள் வேலை முடிந்து காலடிப்பேட்டை போக வேண்டும். எங்கிருந்து வரும் இந்த உடம்புக்கு அவ்வளவு தெம்பு? போகத்தான் வேண்டும்.

7 அக்டோபர், ஞாயிறு

அருளும் ஆலிஸும் கடற்கரைக் கல் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததாக ஹென்றி பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஹென்றிக்கு எல்லாம் தெரியும்; ஜூனிலேயே சொல்லிவிட்டேன். அப்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அவன் பொண்டாட்டி, அவன் பாடு. நீ கொஞ்சம் தூங்கு, மேரி."

18 நவம்பர்

அவள் சம்மதித்துவிட்டாள். அவன் இரண்டு தரம் கேட்டதற்கு மாட்டேன் என்றாளாம். "பாவம் பாத்துக் கட்டிக்கிறதா இருந்தா வேணாம்." மூன்றாவது தரம் இவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அது என் காதுக்கு வேண்டியதில்லை.

ஞானத்திடம் ஆலிஸே உட்கார்ந்து சொன்னாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

4 பிப்ரவரி 1974, திங்கள்

நாளை மறுநாள் கல்யாணம். மருதாணி வைத்தேன். வைக்கலாமா என்று டாக்டரம்மாவை முன்பே கேட்டிருந்தோம். சூடு மட்டும் காட்டாதீர்கள் என்றார். அதனால் லவங்கப் புகை இல்லை. சாற்றை நாலு தரம் ஒற்றி, மாலை வரை உதிர்க்காமல் வைத்திருந்து, நல்லெண்ணெய் தடவித் துணி சுற்றினேன். நாளை முழுக்க சோப்புப் படக் கூடாது. முதலில் வெளிறிய ஆரஞ்சுதான் இருக்கும், இரண்டாம் நாள்தான் நிறம் ஏறும் என்றேன்.

"செவக்கலன்னா வுடுக்கா. யாரு பாக்கப் போறாங்க?" என்றாள்.

அந்தத் திராட்சைக் கொடியை அதே இடத்தில் போட்டேன். ஓர் இலை கோணல். அழித்துப் போட நேரமில்லை.

6 பிப்ரவரி, புதன்

கல்யாணம் முடிந்தது. ஃப்ளோரன்ஸ் சித்தி வரவில்லை. சித்தி பக்கத்து ஆட்களும் வரவில்லை. விஷயம் எப்படியோ கசிந்திருக்கிறது. சோறு மிஞ்சிப் போயிற்று. சிவப்பு நன்றாக ஏறியிருந்தது. கால் வீங்கிக்கிடக்கிறது, படுக்கிறேன்.

9 ஜூன் 1974, ஞாயிறு

இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்று இருக்கிறது.

போன வருஷத்திலிருந்து ஆலிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவளுக்கென்று ஒதுக்கிய ஒரு தம்ளரில்தான் காபி கொடுக்கிறேன். அவள் போன பிறகு அதைத் தனியாக வெந்நீரில் கழுவித் தனியாகக் கவிழ்ப்பேன். விஷயம் கசிந்த பிறகு, ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதை ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். சித்தியோடு சண்டை போட்டவள் நான். வாய் ஒன்று சொல்லும், கை போய் அந்தத் தம்ளரை எடுக்கும்.

இன்று பூசை முடிந்து அவளும் அருளும் வந்தார்கள். மழை இல்லை, வீட்டு ஓனர், மீன் விலை என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அருள் ஏதோ சொல்ல, ஆலிஸ் அவனை அடிக்கப் போக, நான் சிரித்துக்கொண்டே கைக்கு வந்த தம்ளரை எடுத்துக் குடித்தேன். அடி வரைக்கும் குடித்துவிட்டு வைக்கும்போதுதான் பார்த்தேன், என் காபி அடுப்பு மேடையில் ஆடை கட்டிக் கிடந்தது.

ஆலிஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக, "அது என்னுதுக்கா."

"சர்க்கரை போதலடீ" என்றேன்.

அவள் எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்தாள்.