இரண்டாவது டிக்கெட்

கொழும்பு,
1935 மார்ச் 6, புதன்.

கர்த்தருக்குள் அன்பு மிகுந்த சத்தியராஜ் அத்தான் சமூகத்துக்கு, மைத்துனன் ஞானதாசன் வணங்கி எழுதிக்கொள்வது. கப்பலை விட்டு இறங்கி இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். நேசம்மாள் அக்காவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாக வாசித்துக் காட்டவும்.

கப்பல் என்றால் சாதாரணக் கப்பல் இல்லை அத்தான். நம் மயிலாடிக் கோயிலை மணியோடு தூக்கி உள்ளே வைத்தாலும், சுற்றி நின்று அசன விருந்து சாப்பிட இடம் மிச்சம் இருக்கும். தூத்துக்குடியில் அது கரைக்கு வராது, தூரத்தில் கடலுக்குள்ளேயே நிற்கும். நாம்தான் லாஞ்சி என்கிற சின்னப் படகில் போய் ஏற வேண்டும். அந்த லாஞ்சி ஆடின ஆட்டத்தில் அத்தனை பேரும் வாந்தி. நான் ஒருவன்தான் அசையாமல் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். லாஞ்சிக்காரன், "ஐயா கடலிலேயே பொறந்தவரோ" என்று கேட்டுவிட்டான். இது எனக்கு நாலாவது பயணம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை, அவ்வளவு மரியாதை.

மேல்தட்டில் எங்களுக்குச் சோறு போடுகிற ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் கடியப்பட்டணத்துக் கிளீட்டஸ். ஐம்பது வயது இருக்கும். இருபது வருஷமாகக் கப்பலில் இருக்கிறான். நான் வாயைத் திறந்ததுமே, "ஓய் அண்ணாச்சி, நீரு நம்ம பக்கமா வோய்" என்று பிடித்துக்கொண்டான். காற்று அடிக்காத மூலையில் பாய் விரித்துக் கொடுத்தான். டிக்கெட்டுக்கு ஒரு தட்டு என்பது சட்டம். எனக்கு மட்டும் சட்டம் கிடையாது. மீன் குழம்பு, அவியல், பப்படம், இரண்டு வகைப் பாயசம். காப்டன் துரையே இறங்கி வந்து, சாப்பாடு எப்படி என்று விசாரித்துக் கைகொடுத்தார். நான் இங்கிலீசில் பதில் சொன்னேன். துரை அசந்துபோனார்.

அக்கா கவலைப்படாமல் இருக்கச் சொல்லவும். கிறிஸ்துமசுக்குப் பிறகு மகன் செல்வதாசிடமிருந்து கடுதாசி இல்லை என்று அவள் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள். இரண்டு மாசம் என்ன பெரிய காலம்? ஜவுளிக்கடையில் பில் எழுதுகிற உத்தியோகம் என்றால் தலையைத் தூக்க நேரம் இருக்காது. இந்தப் பக்கம் ஏதோ காய்ச்சல் என்று கப்பலில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் உடம்பில் தெம்பு இல்லாதவர்களுக்கு வருவது. என் மருமகன் நான் வளர்த்த பிள்ளை.

திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட்டும் தூத்துக்குடியிலேயே எடுத்துவிட்டேன். ஆபீசில் இருந்த குமாஸ்தா, "ஒரு ஆள்தானவே நிக்கீரு, இன்னொருத்தருக்கு அங்க போயி எடுத்துக்கிடும்" என்றான். மருமகன் இல்லாமல் திரும்புகிறவன் நான் இல்லை, எழுதும் ஓய் இரண்டு என்று சொன்னேன். எழுதினான்.

மத்தியான ரயிலில் மருமகன் இருக்கிற குருநாகலுக்குப் போகிறேன். அக்கா கொடுத்த முந்திரிக்கொத்து டின் பத்திரமாக இருக்கிறது, ஒன்றுகூட உடையவில்லை. பதினேழாம் தேதி இங்கே கப்பல் ஏறுவோம். தூத்துக்குடியில் எனக்கு வேண்டியவர்கள் ஏராளம், நாலு நாள் தங்காமல் விடமாட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடசேரியில் பஸ்ஸை விட்டு இரண்டு பேரும் இறங்குவோம். அக்காவுக்கு அங்கே வந்து நிற்க ஆசை இருந்தால் கூட்டிக்கொண்டு வரவும்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் தூரதேசத்தில் இருக்கிற பிள்ளைகளின் பெயர்களை வாசித்து ஜெபிக்கும்போது, செல்வதாசின் பெயருக்குப் பின்னால் என் பெயரையும் சேர்க்கச் சொல்லவும். என் பெயரைக் கொஞ்சம் உரக்க வாசிக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஞானதாசன்.


தூத்துக்குடி,
1935 மார்ச் 18, திங்கள்.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, ஞானதாசன் எழுதுவது. இந்தக் கடிதத்தை அக்கா பக்கத்தில் இல்லாதபோது வாசிக்கவும். தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால் நல்லது.

யாவரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். நான் சுகம்.

கப்பல் இன்று காலை ஏழு மணிக்கு வந்து நின்றது. காற்று இல்லை, கடல் குளம் மாதிரி கிடந்தது. வரும்போதும் அதே கப்பல், அதே மேல்தட்டு, அதே கிளீட்டஸ். சாப்பாடு சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனும். போகும்போதும் அதுதான் போட்டார்கள். பாயசம் கிடையாது. காப்டன் துரையை நான் பார்க்கவில்லை. தூரத்தில் வெள்ளைத் தொப்பி ஒன்று போயிற்று, அது அவர்தானா என்றும் தெரியாது.

கொழும்பில் ஏணி ஏறும்போது ஒரே தள்ளுமுள்ளு. தூத்துக்குடி ஆபீசில் இரண்டு டிக்கெட்டையும் சேர்த்துக் குண்டூசி குத்திக் கொடுத்திருந்தார்கள், அதை அப்படியே நீட்டினேன். எனக்குப் பின்னால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த கூலிக்காரனை இன்னொரு பயணி என்று நினைத்து, இரண்டிலும் ஓட்டை போட்டுவிட்டார்கள். நானும் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அது செல்வதாசின் பெட்டி. நீங்கள் மார்த்தாண்டம் சந்தையில் வாங்கிக் கொடுத்த, மூலையில் பச்சைப் பெயிண்ட் போன தகரப்பெட்டி.

சொல்லிவிடுகிறேன் அத்தான். ஜனவரி பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். கடை முதலாளியே படுக்கையில் கிடந்திருக்கிறார். கடையில் சமையல் செய்கிற பகவதியப்பன் என்பவர் நம் பூதப்பாண்டிக்காரர். அவர்தான் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். மூன்று நாள் இருந்தான். அவருக்கு எழுதத் தெரியாது. நம் ஊர்ப் பெயர் தெரியும், விலாசம் தெரியாது. யாராவது வருவார்கள் என்று பெட்டியைத் தன் கட்டிலுக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "செல்வதாசுக்க மாமாவா, வாரும்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடக்கம் பண்ணின இடத்தையும் காட்டினார். அங்கே வரிசையாக நிறைய இருக்கிறது. தலைமாட்டில் ஒரு மரக்குச்சி, அதில் நம்பர். ஊரெல்லாம் கல் செதுக்குகிற மயிலாடியில் பிறந்த பிள்ளைக்கு ஒரு மரக்குச்சி. நம்பர் நாற்பத்தொன்று. நான் ஜெபம் பண்ணினேனா என்று அக்கா கேட்பாள். பண்ணினேன் என்று சொல்லவும். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ஒன்பது ஞாயிறு அத்தான். உபதேசியார் அவன் பெயரைத் தூரதேசத்துப் பிள்ளைகளோடு சேர்த்து ஒன்பது ஞாயிறு வாசித்திருக்கிறார். நாமும் ஆமென் சொல்லியிருக்கிறோம். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லுவேன்.

கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். போகும்போது கிளீட்டசிடம் நிறைய அளந்துவிட்டிருந்தேன். மருமகன் கடையில் மானேஜர், என்னைவிட ஒரு சாண் உயரம், கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறேன் என்றெல்லாம். திரும்ப என்னைக் கண்டதும் அவன் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். "எங்க வோய் மருமவன்? காட்டும், நான் பாக்கட்டு" என்றான். மூலையில் படுத்திருக்கிறான், கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்னது இல்லை. என் வாய் எப்போதும் இப்படித்தான், உங்களுக்குத் தெரியும்.

பிறகு அதை நடத்த வேண்டியதாயிற்று. மூலையில் பாயை விரித்து, பெட்டியையும் என் மூட்டையையும் நீளமாக வைத்து, செல்வதாசின் போர்வையை எடுத்து மேலே போர்த்தினேன். டிக்கெட்டுக்கு ஒரு தட்டு என்பதால் இரண்டு தட்டு வந்தது. நான் என் தட்டைச் சாப்பிட்டேன். பசித்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

கிளீட்டஸ் ராத்திரி பத்து மணிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தான், மோந்து பார்த்தால் குமட்டல் நிற்குமாம். பிறகு பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்ட கட்டஞ்சாயா. பக்கத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்களை, "ஏலே, சத்தம் போடாதிங்கலே, சொகமில்லாத பிள்ள கெடக்குது" என்று அதட்டினான். அவர்களும் எழுந்து தள்ளிப் போனார்கள். ஒருவர் தன் தலையணையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் வகுப்புத் துரைக்குக்கூட அப்படி ஒரு கவனிப்பு நடந்திருக்காது. இது நான் கூட்டிச் சொல்வது இல்லை.

விடிவதற்கு முன்னால் மறுபடி வந்தான். "அனக்கமே இல்லியே வோய், காய்ச்ச அடிக்குதா" என்று குனிந்து, போர்வைக்கு மேல் நெற்றி இருக்கும் இடத்தில் கையை வைத்தான். தகரம் லேசாகச் சத்தம் போட்டது. அவன் கையை எடுக்கவில்லை. பிறகு, "எப்பம்?" என்று மட்டும் கேட்டான். ஜனவரியில் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டான். என்னைத் திட்டவில்லை. கொண்டுவந்த சாயா டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டும் போகவில்லை, பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

அவனிடம்தான் முதலில் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். நான் இதற்கு முன் கொழும்புக்குப் போனதே இல்லை அத்தான். ஒரு தடவைகூட இல்லை. தூத்துக்குடி வரை போய்க் கரையில் நின்று கப்பலைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மின்சார விளக்கு, ஆளுயர நிலைக்கண்ணாடி வைத்த கடை, வேலைக்கு ஆளைத் தேடிக் கூப்பிடுகிற முதலாளிமார் என்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து நான் சொன்னதெல்லாம் வேறு யாரோ சொல்லிக் கேட்டது, பாதி நானே செய்தது. செல்வதாஸ் கைவேலையைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். போகிறேன் என்று அவன் சொன்னபோது நீங்கள் வேண்டாம் என்றீர்கள். நான்தான் விடாமல் பேசி அனுப்பிவைத்தேன்.

லாஞ்சியில் இறங்குகிற இடத்தில் ஓட்டை போட்ட டிக்கெட்டை வாங்கித் தலையை எண்ணிக் கீழே விடுகிறார்கள். எண்ணுகிறவர் என் கையிலிருந்த இரண்டையும் பார்த்தார். "இன்னொருத்தன் எங்கே" என்று கேட்டார். ஆள் குறைந்தால் கப்பல் முழுக்கத் தேடுவார்களாம், அதுவரை லாஞ்சியை அவிழ்க்கமாட்டார்களாம். என் வாயில் ஒன்றும் வரவில்லை. என் ஆயுசில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை. பின்னால் வந்த கிளீட்டஸ், பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கி, லாஞ்சிப் பலகையில் அதைப் பைய வைத்தான். அண்ணாந்து பார்த்து, "ரெண்டு பேரும் எறங்கியாச்சு ஐயா, எழுதிக்கிடும்" என்று கத்தினான். அவர் இரண்டு கோடு போட்டார்.

முந்திரிக்கொத்து டின்னை அவனிடம் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் கேட்காமல் கொடுத்தது தப்பு என்றால் பொறுத்துக்கொள்ளச் சொல்லவும்.

தூத்துக்குடியில் எனக்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை. சத்திரத்தில் இருக்கிறேன். பெட்டி பக்கத்தில் இருக்கிறது. உள்ளே இரண்டு சட்டை, வேதாகமம், சவரக்கத்தி, அக்காவின் கடுதாசிகள். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் நாலு நாள் இங்கே இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வருவேன்.

அக்காவை வடசேரிக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். நான் இறங்கின பிறகும் அவள் பஸ்ஸின் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கண்டக்டர் பெட்டியை இறக்கிவைப்பார், அதையும் தாண்டிப் பார்ப்பாள். அங்கே இரண்டு பேர் என்று சொல்ல கிளீட்டஸ் கிடையாது.

அதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள் அத்தான். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள், இதுவும் ஞானதாசனின் கதை என்றுதான் நினைப்பாள். வெள்ளிக்கிழமை வரை அப்படி நினைத்துக்கொண்டு பாயை விரித்து வைத்துக் காத்திருப்பாள். நீங்கள் வாயைத் திறப்பதே குறைவு. உங்கள் சொல்லை அவள் நம்புவாள். ஒன்றும் கூட்டாமல் சொல்லுங்கள். கர்த்தர் அந்த நேரத்தில் உங்கள் இரண்டு பேர் பக்கத்திலும் இருப்பாராக.

இப்படிக்கு,
ஞானதாசன்.